அக்கரைக்குப் போனவர்கள்: முத்துக்கரையிலும் ஜப்பானிலும்

சாயர்புரம் என்னும் பெயரிலேயே ஓர் இடப்பெயர்ச்சி அடங்கியிருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், செம்மணலும் பனங்காடும் சூழ்ந்த அந்நிலத்தை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாமுவேல் சாயர் என்னும் வணிகர் விலைக்கு வாங்கினார். புதுச்சமயம் தழுவியதனால் சொந்த ஊரில் இருக்க இயலாமற் போனவர்களை அங்கே குடியமர்த்தினார். அதற்கு முன்பே, 1799-இல், சாத்தான்குளத்தை அடுத்து முதலூர் இவ்வாறே தோன்றியிருந்தது. ஊர் பொறுக்கவில்லையெனில் ஊரை விட்டுப் போய் வேறோர் ஊர் கட்டிக்கொள்வது, இப்பகுதி மக்கள் கப்பலேறுவதற்கு முன்னரே கற்ற பாடம். 1842-இல் சாயர்புரம் வந்து கல்விக்கூடம் நிறுவிய ஜி. யு. போப்பும் இடம்பெயர்ந்தவரே. கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் 1820-இல் பிறந்து, சிறுவயதிலேயே இங்கிலாந்து சேர்ந்து, அங்கிருந்து சென்னை வழியாக இந்தப் பனங்காட்டுக்கு வந்தவர் அவர். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தவர் என்று போப்பைத் தமிழுலகம் நன்கு அறியும். அவர் இங்கே பாடம் சொல்லிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், சுற்றுப்புறத்து ஆண்கள் ஒரு பருவம் முடிந்ததும் கண்டிச்சீமைக்குப் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதைத் தமிழுலகம் அவ்வளவாக நினைவில் வைத்திருக்கவில்லை.

அவர்கள் ஏன் போனார்கள்? வழக்கமாகக் கிடைக்கும் விடை ஒரே சொல்லில் முடிந்துவிடும்: வறுமை. அது பொய்யான விடை அன்று; போதாத விடை. வறுமை எங்கும்தான் இருந்தது. ஒரே பஞ்சம் தாக்கிய இரண்டு ஊர்களில் ஓர் ஊர் கப்பலேறுகிறது; மற்றோர் ஊர் பட்டினியோடு அங்கேயே கிடக்கிறது. இந்த வேறுபாட்டை வறுமை விளக்குவதில்லை. பொருள் தேடக் கடல் தாண்டலாம் என்று ஔவை சொல்லிவைத்ததும் இங்கே உதவாது. பொருள் தேடிப் போகிறவனுக்கும் கடனைத் தோளிலேற்றிப் போகிறவனுக்கும் இடையிலுள்ள தொலைவு இரு கரைகளுக்கு இடையிலுள்ள தொலைவைவிடப் பெரிது. ஏறத்தாழ இதே காலத்தில் ஆசியாவின் மறுகோடியில் ஜப்பானியரும் கூட்டங்கூட்டமாகக் கடல் கடந்தனர். அவர்கள் போன காரணங்களை அருகே வைத்துப் பார்க்கும்போது, முத்துக்கரையிலிருந்து போனவர்களின் காரணங்கள் கூடுதலாகத் துலங்குகின்றன.

பனையின் நாள்காட்டி

திருநெல்வேலிச் சீமையின் தென்கிழக்கில் நிலம் ஒருவருடையது, மரம் ஒருவருடையது, ஏறுகிறவர் மற்றொருவர் என்ற நிலை பரவலாக இருந்தது. 1801-இல் நாடு கும்பினியார் கைக்கு முழுதும் வந்தபின், வரி தானியமாக அன்றிப் பணமாகவே கேட்கப்பட்டது. பனை மரத்துக்கும் வரி இருந்தது. பணம் வேண்டுமெனில் கருப்பட்டி விற்க வேண்டும். கருப்பட்டி விலை ஏறுகிறவரின் கையில் இல்லை. பதநீர் இறங்கும் மாதங்களில் ஒரு நாளைக்கு இருமுறை மரமேறிப் பாளை சீவிய கைகள், பருவம் முடிந்தால் வெறுங்கைகள். அந்த வெறும் மாதங்களே வரலாற்றில் முக்கியமானவை.

இலங்கையின் மலைநாட்டில் 1840-களில் காப்பித் தோட்டங்கள் காட்டுத்தீப்போல் பரவின. காப்பிப் பழம் ஆண்டு முழுவதும் பறிக்கப்படுவதன்று. ஆண்டின் பிற்பகுதியில் சில மாதங்கள் ஏராளமான கைகள் வேண்டும். பின்பு அத்தனை கைகள் வேண்டா. பனையின் ஓய்வுக்காலமும் காப்பியின் அறுவடைக்காலமும் ஒன்றோடொன்று பொருந்தின. ஏறி இறங்கிக் களைத்த மனிதன் கருப்பட்டிப் பருவம் முடிந்ததும் தோணியேறி, காப்பி பறித்து, கையில் சில ரூபாயுடன் அடுத்த பாளைக்குத் திரும்பலாம். இதனைக் குடிபெயர்வு என்று அவனும் நினைக்கவில்லை, அரசும் நினைக்கவில்லை. அறுவடைக்கு அடுத்த தாலுகாவுக்குப் போவதைப் போன்றதுதான் அது. இடையில் கொஞ்சம் கடல் இருந்தது, அவ்வளவே.

சட்டமும் அப்படியே கருதிற்று. இந்தியக் கூலியாட்கள் கடல் கடந்து செல்வதை 1839-இல் தடை செய்த அரசு, 1847-இல் இலங்கையை மட்டும் அத்தடையிலிருந்து விலக்கிவிட்டது. மொரீசியசுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் போனவர்களுக்கு ஒப்பந்தம், பாதுகாவலர், பயணப் பதிவேடு ஆகியவை இருந்தன. ஒப்பந்தம் கொடுமையானதுதான், எனினும் அதில் ஒரு பெயரும் ஒரு தேதியும் ஓர் ஊரும் எழுதப்பட்டன. இலங்கைக்குப் போனவனுக்கு அதுவும் இல்லை. அவன் போனது அயல்நாடே அன்று என்பதுபோல் நடத்தப்பட்டது. நூறாண்டு கழித்து இதன் விலை தெரிய வந்தது.

வடக்கிலிருந்து போனவர்கள் இராமேசுவரம் வழியாக மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை என்று ஏறத்தாழ 150 மைல் நடந்தார்கள். நீரில்லாத அந்தப் பாதையில் காய்ச்சலும் வாந்திபேதியும் தின்ற உயிர்கள் பல்லாயிரம். தூத்துக்குடிக்காரர்களுக்குக் கொழும்புக்கு நேரே தோணி இருந்தது. ஆகவே காப்பிக் காலத்தில் திருநெல்வேலியின் பங்கு கணிசமானதாயிற்று. 1854-இல் மலைநாட்டுத் தோட்டங்களில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது, அதற்குத் திருநெல்வேலியிலிருந்தே உபதேசியார்கள் போனார்கள். ஊராரும் சபையாரும் ஏற்கெனவே அங்கே இருந்ததன் பொருள் அது.

நெல் விளையும் மாவட்டங்களின் காரணம் சற்று வேறு. அங்கே பண்ணையாள் என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் நிலத்தோடு கட்டுண்டு கிடந்தனர். 1843-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டம், அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்று மட்டுமே சொல்லிற்று. சொல்லளவில் அவிழ்ந்த அந்தக் கட்டைக் காலளவில் அவிழ்க்க ஒரு வழி தேவைப்பட்டது. பள்ளரும் பறையரும் பெருந்தொகையாகத் தோட்டத்துக்குப் போனதில், கூலியின் கவர்ச்சிக்கு நிகராக ஊரின் கொடுமையும் வேலை செய்தது. ஆனால் சாதி அக்கரையில் இறங்கவில்லை என்று சொல்வதற்கில்லை. கங்காணி பெரும்பாலும் மேற்சாதியார். லயங்களும் சாதிவாரியாகவே பிரிந்து கிடந்தன.

பஞ்சமும் புகைவண்டியும் ஒரே ஆண்டில்

1876-ஆம் ஆண்டு முத்துக்கரையின் வரலாற்றில் தனித்து நிற்க வேண்டியது. அவ்வாண்டுத் தொடக்கத்தில் தென்னிந்திய இருப்புப்பாதை மணியாச்சி வழியாகத் தூத்துக்குடியைத் தொட்டது. அவ்வாண்டின் இறுதியில் தாது வருஷப் பஞ்சம் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. பசியும் பாதையும் ஒரே ஆண்டில் வந்து சேர்ந்தன. அதற்கு முன்னும் பஞ்சங்கள் வந்தன. ஆனால் உள்நாட்டுக்காரனுக்குத் துறைமுகம் பல நாள் நடை. இப்போது ஓரிரவு வண்டி, ஓரிரவுக் கப்பல். 1877-இல் மட்டும் தமிழகத்திலிருந்து இலங்கைக்குப் போனவர்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அந்நாளில் காப்பிச் செடியை 1869 முதல் இலைத்துரு நோய் அரித்துக்கொண்டிருந்தது. தோட்டத்தில் வேலை பெருகவில்லை. அழைப்பு இல்லாத இடத்துக்கும் மனிதர்கள் போனார்கள். பசி தள்ளியது உண்மை. ஆனால் எந்தத் திசையில் தள்ளுவது என்பதை இருப்புப்பாதையும், முன்பே போய்வந்தவனின் வாய்ச்சொல்லும் முடிவு செய்தன.

தூத்துக்குடிக் கடல்வழி என்றதும் 1906-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி நினைவுக்கு வராமல் இராது. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியதும், பின்பு இலவசமாகவே ஏற்றிக்கொண்டதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. அக்கப்பல்களின் அடித்தட்டில் உட்கார்ந்து போனவர்கள் யார் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. வணிகர்களோடு தோட்டத்துக்குப் போகும் ஏழைகளும் அதில் இருந்தார்கள். ஒரு கடல்வழிக்காக இரண்டு கம்பெனிகள் போரிடும் அளவுக்கு அதனை வருவாயுள்ளதாக ஆக்கியதில் அவர்களுக்கும் பங்குண்டு.

ஜப்பானியர் கதை

ஜப்பான் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் தன் மக்களை வெளியே விடாமல் கதவடைத்திருந்த நாடு. அக்கதவு திறந்த புதிதில், 1868-இல், 150 பேரளவில் ஹவாய்த் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். மெய்ஜி அரசின் அனுமதியின்றி நடந்த அப்பயணம் முறையீடுகளில் முடிந்தது. சிலர் திருப்பியழைக்கப்பட்டனர். தம் மக்கள் அயல்நாட்டில் கூலிகளாகக் காணப்படுவது நாட்டுக்கு இழுக்கு என்று அரசு கருதி, 1885 வரை கூலிப் பயணத்தை அனுமதிக்கவில்லை.

அந்த 17 ஆண்டுகளில் ஜப்பானியக் கிராமம் மாறிப்போயிற்று. 1873-இல் நிலவரி பணமாக்கப்பட்டது. நில மதிப்பில் நூற்றுக்கு மூன்று. அதே ஆண்டில் கட்டாயப் படைச்சேவையும் வந்தது. 1881 முதல் நிதியமைச்சர் மத்சுகத்தா நாணயப் புழக்கத்தைச் சுருக்கியபோது நெல்லின் விலை பாதியளவுக்கு வீழ்ந்தது, வரியோ வீழவில்லை. நிலுவைக்காக நிலமிழந்த உழவர்கள் மூன்று இலட்சத்துக்கு மேல். வீடும் வயலும் மூத்த மகனுக்கே என்ற வழக்கத்தினால் இளையவர்களுக்கு ஊரில் இடமில்லை. ஹிரோஷிமாவில் வீட்டுக்கு வீடு நடந்த பருத்தித் தொழில் இறக்குமதியால் நொடிந்தது. திருநெல்வேலியின் கருப்பட்டிக்காரன் கும்பினியின் பணவரியிடம் பட்ட பாட்டை, ஜப்பானிய உழவன் தன் சொந்த அரசிடமே பட்டான்.

இந்தத் துன்பங்கள் ஜப்பான் முழுவதற்கும் பொது. ஆயினும் முதலில் போனவர்கள் பெரும்பாலும் ஹிரோஷிமா, யமகுச்சி ஆகிய இரண்டு மாவட்டத்தார். காரணம் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. ஹவாய் அரசின் பேராளர் ராபர்ட் இர்வினுக்கு ஜப்பானிய வெளிநாட்டமைச்சர் இனோவே கவோரு நெருங்கிய நண்பர். இனோவே யமகுச்சிக்காரர். அவரும் வணிகத் துணைவர்களும் எங்கே ஆள் எடுக்கலாம் என்று சொன்னார்களோ அங்கே ஆள் எடுக்கப்பட்டது. 600 இடங்களுக்கு ஏறத்தாழ 28,000 பேர் விண்ணப்பித்தார்கள். 1885 பிப்ரவரியில் ‘சிட்டி ஆஃப் டோக்கியோ’ என்னும் கப்பல் 900-க்கும் மேற்பட்டவர்களை ஹொனலூலுவில் இறக்கியது. மூன்றாண்டு ஒப்பந்தம், ஆணுக்கு மாதம் ஒன்பது டாலர், உணவுப்படி தனி. 1894 வரை இவ்வாறு அரசே அனுப்பியவர்கள் 29,000 பேரளவில். பின்பு தனியார் கம்பெனிகள் அந்த வேலையை ஏற்றன.

ஒருவன் போய் வழி திறந்தால் ஊரே போகும் என்பதற்கு வகயாமா மாவட்டத்து மியோ என்னும் மீன்பிடி ஊர் நல்ல சான்று. மீன்பிடிக்கும் இடங்களை அண்டை ஊர்களிடம் இழந்து நலிந்த ஊர் அது. அவ்வூர்த் தச்சர் குனோ கிஹெய் 1888-இல் கனடாவுக்குப் போய், பிரேசர் ஆற்றில் சால்மன் மீன்கள் மந்தை மந்தையாக ஏறுவதைக் கண்டு ஊருக்குச் சொல்லியனுப்பினார். அதன்பின் ஸ்டீவ்ஸ்டன் என்னும் கனடிய மீனவத் துறையில் மியோக்காரர்களே நிறைந்தார்கள். அங்கிருந்து வந்த பணத்தில் மேல்நாட்டுப் பாணி வீடுகள் எழுந்ததனால், மியோவுக்கு ‘அமெரிக்கா கிராமம்’ என்ற பெயரே நிலைத்தது. ‘தெகாசெகி’ என்று ஜப்பானியர் ஒரு சொல் வழங்குவர்: வெளியே போய்ச் சம்பாதித்துத் திரும்புதல். ‘பிழைக்கப் போதல்’ என்று தமிழில் சொல்வதற்கு அது வெகு அருகில் நிற்கிறது. இரண்டு சொற்களிலும் திரும்பி வருவது உள்ளடங்கிக் கிடக்கிறது.

இரண்டு முத்துக்கரைகள்

அதே வகயாமாக் கரையில் தைஜி என்னும் திமிங்கில வேட்டையூர் உண்டு. 1878 டிசம்பரில் திமிங்கிலத்தைத் துரத்திப்போன படகுகள் புயலில் சிக்கி, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஊரின் தொழிலே முறிந்தது. அதன்பின் அவ்வூராரும் அண்டையூராரும் ஆஸ்திரேலியாவின் தர்ஸ்டே தீவுக்கும் புரூமுக்கும் சிப்பி குளிக்கப் போனார்கள். சட்டைப் பொத்தான்களுக்கான பெருஞ்சிப்பியே அங்குள்ள சரக்கு. தலையில் செம்புக் கவசமும் காற்றுக் குழாயும் பூட்டி ஆழத்தில் இறங்கினார்கள். வெள்ளையரல்லாதாரை வெளியேற்ற 1901-இல் சட்டம் செய்த ஆஸ்திரேலியாவே, சிப்பிக் குளிப்புக்கு மட்டும் அவர்கள் இல்லாமல் முடியாது என்று விலக்களித்தது. புரூமில் உள்ள ஜப்பானியர் இடுகாட்டில் 900-க்கும் மேற்பட்டோர் உறங்குகிறார்கள். மூச்சுமுட்டலும் வாத நோயும் புயலும் கொன்றவர்களே மிகுதி.

முத்துக் குளிப்பில் உலகுக்கே மூத்த தூத்துக்குடிக்கரைப் பரதவர் அவ்வாறு குடிபெயர்ந்து போகவில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அவர்களும் கடல் தாண்டினார்கள். மன்னார்க் கரையில் சலாபம் கூடியபோதெல்லாம் தோணிகள் அணியணியாகப் போயின. 1905-இல் இலங்கை அரசுக்கு 25 இலட்ச ரூபாய் அளவில் வருவாய் தந்த பெருஞ்சலாபத்தில் இக்கரையாரும் குளித்தார்கள். எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கு குளித்தவர்களுக்கு. பங்கை அங்கேயே மணலில் விற்றுக் காசாக்கிக்கொண்டு, சலாபம் கலைந்ததும் தோணியைத் திருப்பினார்கள். தொழில் அவர்களுடையது, தோணி தங்கள் இனத்தாருடையது, கூலி முன்பணமாக வந்து கடனாக நிற்கவில்லை. கடலை அறிந்தவன் திரும்பி வந்தான். கடலையே அறியாத உள்நாட்டு உழவன் அக்கரையில் தங்கிப்போனான். இடையில் பல ஆண்டுகள் சிப்பியே விளையாமற் போகும் என்பதால் சலாபத்தை நம்பி அங்கே குடியேறவும் வழியில்லை. தூத்துக்குடியின் கடைசிப் பெருங்குளிப்பு 1961-இல் முடிந்தது. ஜப்பானில் மிக்கிமோத்தோ 1893-இல் தொடங்கிவைத்த வளர்ப்பு முத்து அதற்கு வெகு முன்பே சந்தையைக் கைப்பற்றியிருந்தது. அதே வளர்ப்பு முறையில் தூத்துக்குடி ஆய்வுக்கூடத்திலும் 1973-இல் முத்து விளைந்தது ஒரு தனிக்கதை.

காப்பி ஆணை அழைத்தது, தேயிலை குடும்பத்தை அழைத்தது

1880-களில் இலங்கைக் காப்பி அழிந்து தேயிலை வந்தது. பலர் இதனைத் தோட்டக்காரர்களின் கதையாக மட்டும் சொல்லிச் செல்வர். உண்மையில் தமிழ்க் குடும்பங்களின் தலையெழுத்தை மாற்றியது இதுவே. தேயிலைக் கொழுந்து பருவம் பார்ப்பதில்லை. வாரம் தவறினால் முற்றிவிடும்; ஆண்டு முழுவதும் கிள்ளிக்கொண்டேயிருக்க வேண்டும். கொழுந்து கிள்ளுவதற்குப் பெண்களின் கைகளே ஏற்றவை என்று துரைமார் கணக்கிட்டார்கள். ஆகவே கங்காணி இப்போது ஆணை மட்டும் அழைக்காமல் பெண்டு பிள்ளைகளோடு அழைத்தான். அடுத்த பாளைக்குத் திரும்புவது என்ற பேச்சு அற்றுப்போயிற்று. பனையின் நாள்காட்டியோடு காப்பி ஒத்துப்போனது; தேயிலை எந்த நாள்காட்டிக்கும் இடம் தரவில்லை. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து நிலமற்ற குடும்பங்கள் இக்காலத்தில் முன்னுக்கு வந்தன. பனையேறிகளின் பங்கு சுருங்கியது. முத்துக்கரைக்காரர்கள் பலர் கடை வைக்கவும் கணக்கெழுதவும் கொழும்புக்குப் போகத் தொடங்கினர்.

ஜப்பானியர் வரலாற்றில் இதே திருப்பம் எதிர்மறையாக வருகிறது. ஹவாய்க் கரும்பு தனியாட்களை அழைத்தது. பிரேசில் காப்பி குடும்பத்தை அழைத்தது. 1888-இல் அடிமைமுறையை ஒழித்த பிரேசில், அடிமைகளின் இடத்தில் இத்தாலியரை வைத்துப் பார்த்தது. இத்தாலிய அரசு 1902-இல் அதற்கு முட்டுக்கட்டை போட்டது. அமெரிக்காவோ 1907-08-இல் ஜப்பானியத் தொழிலாளருக்குக் கதவடைத்தது. மூடிய கதவும் திறந்த கதவும் ஒருங்கே அமைந்த நேரத்தில், 1908 ஜூனில், ‘கசாதோ மாரு’ கப்பல் 781 பேரைச் சாந்தோஸ் துறையில் இறக்கியது. குடும்பத்துக்குக் குறைந்தது மூன்று உழைப்பாளிகள் என்பது விதி. இல்லாதவர்கள் தம்பியை மகன் என்றும் அயலானைத் தம்பி என்றும் எழுதிக் காகிதத்தில் குடும்பம் கட்டிக்கொண்டார்கள்.

துண்டும் தகர வில்லையும்

ஜப்பானியர் காகிதத்தில் குடும்பம் கட்டிய காலத்தில் தமிழர்கள் கையில் இருந்த காகிதம் ‘துண்டு’. ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போகவேண்டுமெனில், அவன் கடன் இவ்வளவு, இதைத் தீர்ப்பவர் ஆளைக் கொள்ளலாம் என்று எழுதிய சீட்டு வேண்டும். வண்டிச் செலவு, சோற்றுச் செலவு, துணி, ஊரில் தீர்த்த பழைய கடன் எல்லாம் கங்காணியின் கணக்கில் ஏறி, அவன் காலில் கட்டிக்கொண்டன. துண்டு முறை 1921-இல் ஒழிக்கப்பட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மற்றோர் அடையாளமும் வந்தது: தகர வில்லை. தோட்டத்தின் குறியெழுத்தும் ஓர் எண்ணும் பொறித்த அவ்வில்லையைக் கொண்டு தட்டப்பாறையிலும் மண்டபத்திலும் இருந்த நோய்த்தடை முகாம்களைக் கடந்து, சரக்குக்கு ஒட்டும் சீட்டுப்போல் ஆள் உரிய தோட்டம் போய்ச் சேர்ந்தான். வில்லையில் ஆளின் பெயர் இல்லை. தோட்டத்தில் ‘பேர்’ என்ற சொல்லே ஒரு நாள் கூலிக்குப் பெயராயிற்று. கொழுந்து நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. மனிதனின் பெயரையே பாதியாக வெட்டித் தரும் இச்சொல்லைக் காட்டிலும் கூர்மையான ஒன்றைக் கவிஞர் எவரும் படைத்துவிட முடியாது.

ஜப்பானியக் குடியேறி குடும்பப் பதிவேட்டிலும் கடவுச்சீட்டிலும் தூதரகக் கணக்கிலும் இருந்தான். அதனால் அவன் காப்பாற்றப்பட்டான் என்று பொருளன்று. 1942-இல் அமெரிக்கா ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வழியினரை முள்வேலிக்குள் அடைத்தபோது, அவர்களில் மூன்றிலிரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்களே. காகிதம் கைவிடவும் கூடும். ஆனால் காகிதமே இல்லாதவன் கதை வேறு. 1939-இல் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் போவதைத் தடுத்தது. 1948-இல் இலங்கை விடுதலை பெற்றது. அவ்வாண்டுக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரை வெளியே நிறுத்தியது. 1949-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்து, மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாமல் குடியிருந்ததற்குச் சான்று கேட்டது. பதியப்படாமலே பாட்டன் கடந்த கடலுக்குப் பேரன் எந்தச் சான்றைக் காட்டுவான்? எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன; குடியுரிமை கிடைத்தது ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவானோருக்கு. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் 9,75,000 பேரைப் பங்கிட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் பின்னர் பார்க்கலாம். அந்த மிச்சத்தை 1974-இல் சரிபாதியாக்கினார்கள். போகும்போது அவர்களை எண்ணாதிருந்தவர்கள் இப்போது ஆயிரக்கணக்கில் எண்ணிப் பிரித்தார்கள்.

பசி மிகுந்து போனார்கள் என்பது உண்மை. ஆயினும் அக்கரை அருகில் இருந்தது என்பதே அவர்கள் அவ்வளவு எளிதில் போனதற்குக் காரணம். எளிதாக இருந்ததனாலேயே எழுதி வைக்கப்படாமல் போனார்கள். ஹவாய்க்குப் போன ஜப்பானியனுக்கும் பிஜிக்குப் போன தமிழனுக்கும் இடையில் பெருங்கடல் இருந்தது. அதுவே ஓர் ஆவணமாயிற்று. தூத்துக்குடிக்காரனுக்கும் கொழும்புக்கும் இடையில் ஓரிரவு மட்டுமே இருந்தது.

இலக்கியத்திலும் இந்த அண்மை ஒருவகை மறைப்பாகவே வேலை செய்திருக்கிறது. எட்டயபுரத்துப் பாரதி தொலைவான பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகக் கசிந்து பாடினார். வீட்டு வாசலிலிருந்தே புறப்பட்ட கப்பலில் போனவர்களுக்கு அப்படி ஒரு பாட்டு அவரிடமிருந்து கிடைக்கவில்லை. அக்குறையை நெல்லையின் மற்றொரு மகன் உரைநடையில் தீர்த்தார். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர்ப் பெண்ணொருத்தி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் அடையும் சீரழிவைச் சொல்கிறது. மலைநாட்டிலேயே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டித் தந்தார். எழுதத் தெரியாதவர்கள் விட்டுச்சென்ற பதிவேடு அந்தப் பாடல்களே. துண்டிலும் வில்லையிலும் இல்லாத ஊர்ப்பெயர்களும் ஆள்பெயர்களும் அவற்றில் இருக்கின்றன. வரலாறு எழுதுகிறவர்கள் அவற்றைச் சான்றாக எடுத்தாளாமல் இரங்கற்பாட்டாக மட்டும் கேட்டுப் போவது முறையன்று.

ஒப்பந்தப்படி இந்தியா வந்தவர்களில் பலருக்கு இங்கே ஊரே இல்லை. பாட்டன் விட்டுப்போன ஊரில் நிலமும் இல்லை, முகம் தெரிந்தவரும் இல்லை. நீலகிரியில் அவர்களுக்காகவே அரசு தேயிலைத் தோட்டங்களை வளர்த்து, தெரிந்த தொழிலையே மீண்டும் கொடுத்தது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்களுக்குச் ‘சிலோன்காரர்கள்’ என்று பெயர். 1990-இல் ஜப்பான் தன் குடிவரவுச் சட்டத்தைத் திருத்தி, பிரேசிலுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளைத் தொழிற்சாலை வேலைக்கு வரவிட்டது. பாட்டன்மார் புறப்பட்டுப் போன அதே சொல், ‘தெகாசெகி’, பேரன்மார் திரும்பி வந்ததற்கும் வழங்கலாயிற்று. அங்கே அவர்களைப் ‘பிரேசில்காரர்கள்’ என்கிறார்கள். இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை தந்தது. காப்பித் தோட்டத்தின் முதல் தோணி போய் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கடந்திருந்தது.

1914-இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பலும் வந்தபின் தூத்துக்குடி வழியின் சிறப்புக் குறைந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியும் போயிற்று. 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ‘ஸ்கோட்டியா பிரின்ஸ்’ என்னும் பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கி, அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே நின்றுபோயிற்று. அந்தச் சில மாதங்களில் அதில் ஏறியவர் ஒவ்வொருவரிடமும் கடவுச்சீட்டு பார்க்கப்பட்டது. பெயர், பிறந்த ஊர், பிறந்த தேதி எல்லாம் எழுதிக்கொள்ளப்பட்டன.